அந்தக் கூட்டைக் கொளுத்தும் முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

நான் பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எந்தப் பள்ளி என்று எழுதவில்லை. நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் என் வேண்டுகோளை உங்களிடம் வைக்க எனக்கு வழியில்லை.

எட்டாம் வகுப்பின் பின்பக்க ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடியில், ஒரு குளவிக் கூடு இருந்தது. மண் கூடு அல்ல, காகிதம் போன்ற கூடு. உள்ளங்கை அகலம்கூட இராது. ஒரே ஒரு காம்பில் தலைகீழாகத் தொங்கும். அறுகோண அறைகள் எல்லாம் வாய் திறந்தே இருக்கும். வகுப்பில் ஐந்து பிள்ளைகள் அதை ஏழு வாரம் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் வேடிக்கை பார்த்ததைச் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று, என் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து, அறை அறையாக நோட்டில் வரைந்தார்கள். காலி அறைக்கு வெறும் வட்டம், முட்டைக்குப் புள்ளி, புழுவுக்கு ‘பு’, வெள்ளை மூடி போட்டுவிட்ட அறைக்கு மேலே ஒரு கோடு. மொத்தம் முப்பத்தொரு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முதலில் மூடி விழுந்தது பதினான்காம் அறைக்கு. வீட்டில் பட்டுப்புழு வளர்க்கும் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்த உடனே, “புழு உள்ள கூடு கட்டிடுச்சு மிஸ், இனிமே இலை கேக்காது” என்றாள். நான் பாடமாக நடத்த நினைத்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். அந்த அறையிலிருந்து குளவி என்றைக்கு வெளியே வரும் என்று ஐந்து பேரும் ஆளுக்கொரு தேதியைச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் சன்ஷேடின் அடியில் கரிப்படலம் மட்டும் இருந்தது. சனிக்கிழமை வளாகத்தைச் சுத்தம் செய்தபோது, நீளக் கழியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டியிருக்கிறார்கள். கீழே தரையில் தீய்ந்த காகிதத் துணுக்குகளுக்கு நடுவே, மூடி கலையாத மூன்று அறைகள் கிடந்தன. பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். சீட்டுகளை யாரும் பிரிக்கவில்லை.

ஏன் கொளுத்தினீர்கள் என்று கேட்டேன். “பிள்ளைங்களைக் கொட்டிடுச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?” என்றார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு இந்த மடலை எழுத மாட்டேன்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் கதண்டு என்ற பெரிய குளவி கொட்டி ஆட்கள் இறந்த வீடுகள் உண்டு. கதண்டுக் கூடு வேறு. பனையிலோ புளியமரத்திலோ பழைய கட்டடத்திலோ பானை அளவுக்கு, சமயத்தில் அதைவிடப் பெரிதாகவும் உருண்டிருக்கும். மேலே உறை போர்த்தியிருக்கும், உள்ளே இருக்கும் அறைகள் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒன்று பள்ளிக்குள்ளோ பள்ளிக்குப் பக்கத்திலோ இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் சொல்ல வேண்டும். நாமே கழி தூக்கக் கூடாது. பல கதண்டுகள் கொட்டினால் சிறுநீரகமே பழுதாகலாம், அதனால் வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நான் பேசுவது அந்தக் கூட்டைப் பற்றி அல்ல. உறையில்லாமல், அறைகள் வெளியே தெரிய, காம்பில் தொங்கும் சின்னக் கூட்டைப் பற்றி. செம்பழுப்பு உடம்பு, வயிற்றின் கீழே ஒரு மஞ்சள் வளையம். ரோபலிடியா மார்ஜினேட்டா என்பது அதன் அறிவியல் பெயர். தென்னிந்தியா முழுக்க நம் ஜன்னல்களிலும் கூரை ஓரங்களிலும் ஆண்டு முழுதும் கூடு கட்டும் இனம் இது. இதுவும் கொட்டும், கொட்டினால் வலிக்கும், வீங்கும். ஆனால் கூட்டைத் தொடாமல், கல் எறியாமல், தள்ளி நின்று பார்ப்பவர்களைத் தேடி வந்து கொட்டுவதில்லை. ஏழு வாரத்தில் எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் ஒரு கொட்டுகூட விழவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சின்னக் குளவிக்குப் பெரிய பகையே கதண்டுதான். கதண்டு வந்து கூட்டில் இறங்கினால் குளவிகள் எதிர்த்து நிற்க முடியாமல் விலகிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கதண்டு அறை அறையாகப் புழுக்களை இழுத்துத் தின்றுவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே பெயர் சொல்லி ஒரே பந்தத்தில் கொளுத்துகிறோம்.

இப்போது இந்த மடலின் காரணத்துக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில், இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே ராகவேந்திர கதக்கர் என்ற அறிஞர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தது இதே குளவியை. 1953இல் பிறந்தவர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அந்தத் துறையின் ஜன்னல்களில் இந்தக் கூடுகள் இருந்தன. அங்கேதான் பார்க்கத் தொடங்கினார். பிறகு பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த நாட்களிலும் ஓய்வு நேரத்தில் குளவிதான். பட்டம் வாங்கியதும் வைரஸை விட்டுவிட்டு முழு நேரமும் குளவிக்கே வந்துவிட்டார். இன்று பூச்சிகளின் சமூக வாழ்க்கையைப் படிக்கும் யாரும், எந்த நாட்டில் இருந்தாலும், இந்தக் குளவியின் பெயரைக் கடந்துதான் போக வேண்டும்.

அவருக்கு ஆரம்பத்தில் தேவைப்பட்ட கருவிகளைச் சொல்கிறேன்: குளவியின் முதுகில் வைக்க வண்ணப்புள்ளி, ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், பொறுமை. புள்ளியின் நிறமும் இடமும் மாறினால் ஒவ்வொரு குளவியும் தனி ஆளாகிவிடும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் புழுவுக்கு ஊட்டுகிறார், யார் யாரை விரட்டுகிறார் என்று மணிக்கணக்கில் குறித்தார்கள். 1983இல் அவரும் என்.வி. ஜோஷியும் வெளியிட்ட ஆய்வில் கூட்டில் உள்ளவர்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள்: பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள், சண்டைக்காரர்கள், இரை தேடப் போகிறவர்கள். ராணி எந்த வகையில் இருந்தாள் தெரியுமா? உட்கார்ந்திருப்பவர்களில். அவள் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. உருவத்திலும் மற்றவர்களிடமிருந்து வேறுபாடு கிடையாது. ஆனாலும் அந்தக் கூட்டில் முட்டை இடுகிறவள் அவள் ஒருத்திதான். வயிற்று நுனியைக் கூட்டின்மேல் தேய்த்து ஒரு வாசனையைப் பூசி வைக்கிறாள், அந்த வாசனை இருக்கும்வரை ராணி இருக்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தெரிகிறது என்பதைப் பின்னால் அவருடைய மாணவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ராணியை எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு வேலைக்காரக் குளவி திடீரென்று ஆக்ரோஷமாகிவிடும். அதுதான் அடுத்த ராணி. சில நாளில் முட்டையிடத் தொடங்கும், ஆக்ரோஷமும் அடங்கிவிடும். நம்மால் முன்கூட்டியே அது யார் என்று சொல்ல முடியாது. குளவிகளுக்குத் தெரியுமா? இதைக் கேட்க அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலையைக் கட்டினார்கள். ராணி ஒரு பக்கம் மாட்டிக்கொண்டாள். ராணி இல்லாத மறுபக்கத்தில் ஒருத்தி ஆக்ரோஷமாக எழுந்தாள். பிறகு ராணியை அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். இப்போது ராணி முதலில் இருந்த பக்கத்தில் ராணி இல்லை. முன்பு எழுந்தவள்தான் உண்மையான வாரிசு என்றால், அவளை இங்கே கொண்டுவந்து விட்டபோது மற்றவர்கள் ஒரு சண்டையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவள் வாரிசு இல்லையென்றால், உண்மையான வாரிசு இந்தப் பக்கம் எழுந்து வந்துவிட்டாள். முதலாமவள் மறுபேச்சில்லாமல் அடங்கிவிட்டாள். யார் அடுத்தவர் என்று கூட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. நமக்கு மட்டும்தான் தெரியவில்லை. 2012இல் வந்த இன்னொரு ஆய்வில் ஒருத்தி பின் ஒருத்தியாக எடுக்க எடுக்க, ஐந்து வாரிசுகள் வரை சண்டையில்லாமல் வரிசையாக வந்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நம் ஜன்னலில் இருக்கும் கூட்டில் அடுத்தவள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். புள்ளி வைக்கும் வேலையை நான் அனுமதிக்கவில்லை. குளவியைப் பிடிப்பது பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டியது. அறைகளை மட்டும் வரையலாம் என்றேன். அப்படித்தான் அந்த நோட்டு தொடங்கியது.

மரபியல் பாடத்தையும் இந்தக் கூட்டின் கீழே நின்றே நடத்தலாம். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியோடு நின்றுவிடுகிறோம். இங்கே ஆண் குளவிக்குத் தகப்பனே கிடையாது. விந்து சேராத முட்டையிலிருந்து ஆண், சேர்ந்த முட்டையிலிருந்து பெண். அதனால் ஆணுக்குக் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதிதான். அவன் தன் மகள்கள் எல்லோருக்கும் அதை அப்படியே கொடுத்துவிடுகிறான். கணக்குப் போட்டால், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகளுக்குள் முக்கால் பங்கு மரபணு பொது. தாய்க்கும் மகளுக்கும் அரைப் பங்குதான். சொந்த மகளைவிடத் தங்கை நெருக்கம். பெண்கள் தாங்கள் பெறாமல் தங்கைகளை வளர்ப்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது 1964இல் உயிரியல் அறிஞர் ஹாமில்டன் சொன்ன கருத்திலிருந்து வருவது. ஆனால் நம் ஜன்னல் குளவி அந்தக் கணக்கில் அடங்கவில்லை. இதன் ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள். ராணிகளும் அடிக்கடி மாறுகிறார்கள். கூட்டில் வளர்வது தங்கை மட்டுமல்ல, அண்ணன் தம்பியும், அக்கா மகளும், தூரத்துச் சொந்தமும்தான். முக்கால் பங்கு எங்கே போயிற்று? அப்படியும் ஏன் வளர்க்கிறார்கள்?

கதக்கர் 1990இல் எழுதிய ஒரு விடை இருக்கிறது. தனியாகக் கூடு கட்டும் தாய் பாதியில் செத்துப்போனால் அவள் வளர்த்த புழுக்கள் அத்தனையும் சாகும். அவள் பாடுபட்டதெல்லாம் வீண். கூட்டத்தில் இருக்கும் குளவி பாதியில் செத்தாலும் மிச்சத்தை மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். அவள் உழைத்த அளவுக்குப் பலன் உறுதி. இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன், “எங்க ஆயா வீடு மாதிரி மிஸ்” என்றான். அவன் அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. அவனும் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் ஆயாவிடம் வளர்கிறார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அது புரிந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களில் பாதிப் பேர் தக்காளி போடுகிறவர்கள். காய்ப்புழுவுக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் தக்காளிதான். இந்தக் குளவி தன் புழுக்களுக்கு ஊட்டுவது பூச்சி இறைச்சி. ஒருநாள் மதியம் எங்கள் கூட்டுக்கு ஒரு குளவி பச்சையாக ஓர் உருண்டையைக் கவ்விக்கொண்டு வந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பிசைந்த புழு. உட்கார்ந்திருந்த இரண்டு குளவிகள் ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்து வாங்கிக்கொண்டு, மென்று, ஒவ்வொரு அறையாகத் தலையை விட்டு ஊட்டின. வந்த குளவி முகத்தை இரண்டு முன்னங்காலாலும் துடைத்துவிட்டு மறுபடி தோட்டப் பக்கம் பறந்தது. இதை வைத்து மருந்தே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அது எங்கே போய் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள நாம் ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறோமா என்றுதான் கேட்கிறேன்.

நம் ஆட்கள் குளவியைப் பார்க்காதவர்கள் அல்ல. வீட்டில் மண் குளவி கூடு கட்டினால் கலைக்க மாட்டார்கள்; பிள்ளைப்பேறு வரும் என்பார்கள். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லி வைத்தவர்களில் யாரோ ஒருவர் மண் கூட்டை உடைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே அடைத்தது புழு, வெளியே வந்தது குளவி. அதுவரை பார்த்தது சரி. நடுவில் நடந்ததைத்தான் பார்க்கவில்லை. குளவி புழுவைச் சாகடிக்காமல் அசையவிடாமல் கொட்டி, அதோடு தன் முட்டையையும் வைத்து மூடுகிறது. முட்டையிலிருந்து வருவது புழுவைத் தின்று குளவியாகிறது. பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபாபர் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக் குளவிகளின் இந்த வேலையை வெயிலில் படுத்துக் கிடந்து பார்த்து எழுதினார். அவரும் சம்பளம் பத்தாத வாத்தியார்தான். அந்த நடுப்பகுதியைப் பார்க்கும் வேலை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

தலைமையாசிரியர்களே, ஜூனில் பள்ளி திறக்கும் முன் வளாகத்தைச் சுத்தம் செய்யச் சொல்லும்போது கூட்டைக் கண்டதும் கொளுத்து என்று சொல்லாதீர்கள். யாராவது ஓர் அறிவியல் ஆசிரியரை அழைத்து, நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உறை போர்த்திய உருண்டையா, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள். கழிவறை வாசலிலோ, தண்ணீர்க் குழாய் பக்கத்திலோ, பிள்ளைகள் கை எட்டும் உயரத்திலோ திறந்த கூடு இருந்தால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். இருட்டிய பிறகு, விவரம் தெரிந்தவரை வைத்து எடுங்கள். ஆனால் யாரும் போகாத பக்கம், உயரத்தில், சன்ஷேடின் அடியில் இருப்பதை விட்டுவையுங்கள். பள்ளிக்கு ஒன்று போதும். கீழே பத்தடி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள். குளவி கொட்டினால் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வரும் பிள்ளை வகுப்பில் உண்டா என்று பெற்றோரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த வகுப்பின் பக்கம் கூடு வேண்டாம். கொட்டிய பிறகு அந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

2022இல் நம் அரசு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அறிவியலைச் செய்து பார்த்துப் படிக்க, வானவில் மன்றம் தொடங்கியது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இருக்கிறது. மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பு கிடைக்காமல் பிள்ளைகள் எங்கிருந்தோ நகலெடுத்துக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே தொங்குவதை யாரிடமிருந்தும் நகலெடுக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டில் அறைகள் வாரத்துக்கு எத்தனை கூடுகின்றன, மழை நாளில் இரை வருவது குறைகிறதா, மூடிய அறை திறக்க எத்தனை நாள், கிழக்குச் சுவரிலா மேற்குச் சுவரிலா அதிகக் கூடு? ஊத்தங்கரைப் பள்ளியும் தளிப் பள்ளியும் பென்னாகரம் பள்ளியும் ஒரே மாதத்தில் இதைக் குறித்தால், வெயில் காயும் ஊருக்கும் குளிர்ந்த ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று நம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வரைபடம் எப்படிப் போடுவது, எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதெல்லாம் பிள்ளைகள் கையெழுத்திலேயே முதல் பக்கத்தில் இருக்கிறது. நகல் வேண்டும் என்பவர்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் பள்ளியில் கூடு இருந்து, அதை விட்டுவைக்க மனமும் இருந்தால், ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறி வருகிறேன். அந்த ஐந்து பேரில் இரண்டு பேரையாவது, அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு, கூட அழைத்து வருகிறேன். அறைக்கு எண் போடுவது எப்படி என்று அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்